புதுச்சேரியின் பழைய வீடுகளில் திருமணம்: ஐந்து இடங்களைப் பார்த்தபின் ஒரு மதிப்பீடு

ஐரோப்பாவின் பழைய மாளிகை ஒன்றில் தன் திருமணம் நடக்க வேண்டும் என்பது எங்கள் மகளின் ஆசை. அவளுடைய கைபேசியில் இத்தாலிய ஏரிக்கரை மாளிகைகளின் படங்கள் வரிசையாக இருந்தன. எல்லாவற்றிலும் வளைவான சன்னல்கள், உயரமான வெள்ளைத் தூண்கள், மஞ்சள் சுவரில் படர்ந்த காகிதப்பூ. 84 வயதான என் மாமியாரை விசாவுக்குக் கைரேகை வைக்கச் சென்னைக்கு அழைத்துச் செல்வதையும், பிறகு விமானத்தில் ஏற்றி இறக்குவதையும் நினைத்துப் பார்த்தபோதே வெளிநாட்டுப் பேச்சு முடிந்துவிட்டது. ஆனால் அந்தப் படங்களை ஒன்றுக்கு இரண்டு முறை தள்ளிப் பார்த்த என் கணவர், "இந்தச் சுவரும் இந்தக் காகிதப்பூவும் நம் வீட்டிலிருந்து 22 கிலோமீட்டரில் இருக்கின்றனவே, பாண்டிச்சேரி பஸ் ஏறினால் போதாதா?" என்று கேட்டார். கடலூர்க்காரர்களுக்குப் பாண்டிச்சேரி என்பது துணி எடுக்கவும் கண் காட்டவும் போகிற ஊர். அங்கே போய் ஐரோப்பாவைப் பார்க்கலாம் என்பது எங்களுக்கு அதுவரை தோன்றவில்லை.

அப்படித் தொடங்கி, அடுத்தடுத்த ஞாயிற்றுக்கிழமைகளில் ஐந்து இடங்களைப் பார்த்தோம்; அவற்றுள் ஒன்றில் சென்ற தை மாதம் திருமணத்தை நடத்தியும் முடித்தோம். இங்கே நான் எழுதுவது இடங்களைப் பற்றி மட்டுமே. பூ அலங்காரக்காரரையும் புகைப்படக்காரரையும் பற்றி எழுதத் தொடங்கினால் அதற்கு இன்னொரு கட்டுரை வேண்டும். குறைகளையும் சேர்த்தே சொல்லப் போவதால் இடங்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன். அது தவிர, இத்தகைய வீடுகளில் மேலாளர் மாறினால் விதிகளும் மாறிவிடுகின்றன. ஒவ்வோர் இடமும் எந்த வகையைச் சேர்ந்தது என்று தெரிந்துகொண்டால், அதே வகையில் நீங்கள் பார்க்கப் போகும் இடத்தில் என்னென்ன கேட்க வேண்டும் என்பது விளங்கிவிடும்.

முதலில் கட்டடங்களின் வயதைப் பற்றி ஒரு வார்த்தை. நாங்கள் பார்த்தவற்றுள் இரண்டு இடங்களில், கட்டடம் 300 ஆண்டு பழமையானது என்று சிறிதும் தயங்காமல் சொன்னார்கள். முப்பது ஆண்டு பள்ளியில் வரலாறு நடத்தியவள் என்பதால் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை. 1758-இல் லாலியின் தலைமையில் வந்த பிரெஞ்சுப் படை எங்கள் கடலூரின் புனித டேவிட் கோட்டையைப் பிடித்து இடித்தது. 1761-இல் புதுச்சேரியைப் பிடித்த ஆங்கிலேயர் அதை வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுத்து, நகரைத் தரைமட்டமாக்கினர். 1765-இல் பிரெஞ்சுக்காரர் திரும்பி வந்த பிறகே ஊர் மீண்டும் எழும்பியது என்பதால், ஊரை இரண்டாகப் பிரிக்கும் வாய்க்காலுக்குக் கிழக்கே, பிரெஞ்சுக்காரர் வாழ்ந்த வெள்ளை நகரத்தில் இன்று நாம் பார்க்கும் மாளிகைகளில் பெரும்பாலானவை அதற்குப் பிற்பட்டவையே. அவற்றை விடப் பழையது தெருக்களின் நேர்க்கோட்டு அமைப்புதான். அதுவும் 1693 முதல் 1699 வரை ஊரைக் கைவசம் வைத்திருந்த டச்சுக்காரர் வகுத்த திட்டத்தைத் தழுவியது. வயதைக் கூட்டிச் சொல்வதால் நமக்கு நேரடியாக நட்டம் ஒன்றுமில்லை என்று நீங்கள் நினைக்கலாம். கட்டடத்தின் வயதை வாய்க்கு வந்தபடி சொல்பவர், அதன் மாடியில் எத்தனை பேர் நிற்கலாம் என்பதையும் அப்படியே சொல்வார் என்பதுதான் என் கவலை.

கடற்கரைச் சாலையைப் பார்த்த விடுதியை அரை மணி நேரத்தில் பார்த்து முடித்தோம். மொட்டை மாடியிலிருந்து கடலும் பழைய கலங்கரை விளக்கமும் தெரிந்தன. மகள் அங்கேயே நின்றுவிட்டாள். ஆனால் அந்தச் சாலையில் மாலை 6 மணிக்கு வாகனங்களை நிறுத்திவிட்டு மறுநாள் காலை 7.30 மணிக்குத்தான் மீண்டும் விடுகிறார்கள். வரவேற்புக்கு வருகிறவர்கள் வருவது ஆறு மணிக்கு மேல், முகூர்த்தத்துக்கு வருகிறவர்கள் வருவது ஏழரைக்கு முன். நடைபயிற்சிக்கு வருகிறவர்களுக்கு இது பெரிய வரம். பட்டுப்புடவையும் சீர்வரிசைத் தட்டுமாகப் பக்கத்துத் தெருவிலிருந்து நடந்து வர வேண்டிய அத்தைமார்களுக்கு அல்ல. அந்த விடுதியில் பக்கத்துத் தெருவுக்கு வாசல் உண்டா என்று கேட்டோம். உண்டு, ஆனால் அது சரக்கு இறக்கும் வாசல் என்றார்கள்.

இரண்டாவது இடம்தான் எங்களை உண்மையில் மயக்கியது. வெள்ளை நகரத்தின் உட்தெரு ஒன்றில், தெருவில் போகிறவருக்கு ஒன்றும் தெரியாதபடி உயரமான மதிலும் இரும்பு வேலைப்பாட்டுடன் கூடிய பெரிய கதவும். கதவைத் திறந்தால் நடுவில் தோட்டம், அதன் முடிவில் இரட்டை இரட்டையாக நிற்கும் வட்டத் தூண்கள், அவற்றுக்குப் பின்னால் பலகணி முழுவதும் பச்சை நிற மரச் சட்டக் கதவுகள். பிரெஞ்சு மாளிகைகள் பெரும்பாலும் இப்படித்தான் தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தோட்டத்துக்கு முகத்தைக் காட்டுகின்றன. தூணைத் தொட்டுப் பார்த்தேன். பழைய முறையில் சுண்ணாம்பை அரைத்துப் பூசித் தேய்த்த பரப்பு, வெயில் நேரத்திலும் பானையின் வயிற்றைப் போலக் குளிர்ச்சியாக இருந்தது. அரண்மனை என்று சொல்ல முடியாது, ஆனால் அளவு பார்த்துக் கட்டிய வீடு. மகளின் முகத்தைப் பார்த்த என் கணவர், முன்பணம் எவ்வளவு என்று கேட்கவே தொடங்கிவிட்டார்.

நல்லவேளையாக நான் எங்கள் சமையல்காரரையும் உடன் அழைத்துப் போயிருந்தேன். பண்ருட்டியைச் சேர்ந்த அவர், எங்கள் வீட்டு விசேஷங்கள் எல்லாவற்றுக்கும் இருபது ஆண்டாகச் சமைப்பவர். தூணையும் தோட்டத்தையும் அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. நேராகப் பின்கட்டுக்குப் போய், அங்கே பதித்திருந்த பூப்போட்ட பழைய தரைக்கற்களின்மேல் குந்தி உட்கார்ந்து, விரல் முட்டியால் நான்கு இடத்தில் தட்டினார். பிறகு மேலாளரைப் பார்த்து, "சார், சாம்பார் அண்டா இறக்கி வைக்கிற இடம் எது?" என்று கேட்டார். மேலாளருக்கு முதலில் கேள்வியே புரியவில்லை. புரிந்ததும், வெளியாரின் சமையலுக்கு இங்கே அனுமதி இல்லை என்றும், விடுதியின் சமையலறையே எல்லாவற்றையும் செய்யும் என்றும், பரிமாறுவது தோட்டத்தில் பஃபே முறையில் மட்டும்தான் என்றும் விளக்கினார். இலை போட முடியாதா என்றதற்கு, விரும்பினால் பஃபே மேசையிலேயே தட்டுகளின்மேல் வாழை இலையை வட்டமாக வெட்டிப் போட்டுத் தருவதாகச் சொன்னார். எங்கள் சமையல்காரர் எழுந்து கையைத் தட்டிக்கொண்டு வண்டியில் போய் உட்கார்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகு நான் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் கிடைத்த பதில்கள் ஒரே திசையில் போயின. பந்தக்கால் நட முடியுமா என்றால், தரையில் குழி தோண்டக் கூடாது. வாழை மரத்தைத் தூணில் கட்டலாமா என்றால், கயிறு உரசினால் சுண்ணாம்புப் பூச்சு பெயர்ந்துவிடும், கூடாது. மணவறையைத் தூண்களுக்கு நடுவே உள்ள கூடத்தில் வைக்கலாமா என்றால், வைக்கலாம், ஆனால் ஓமம் வளர்க்கக் கூடாது. ஏனெனில் மேலே இருப்பது மெட்ராஸ் டெரஸ் தளம், அதாவது தேக்கு உத்தரங்களின்மேல் சிறு செங்கற்களைச் சாய்வாக அடுக்கிச் சுண்ணாம்புக் கலவை கொட்டிய தளம். புகைக் கரி பிடித்தால் மரத்திலிருந்து எடுப்பது கடினம். இவற்றுள் எதையும் நான் தவறு என்று சொல்ல மாட்டேன். 19-ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட மேரி கட்டடம், அதாவது பழைய நகராட்சிக் கட்டடம், கடற்கரைச் சாலையில் அத்தனை கம்பீரமாக நின்றது, 2014 நவம்பர் மழையில் ஒரேயடியாகச் சரிந்து விழுந்ததை நாங்கள் பார்த்தவர்கள்தாம். அதே தோற்றத்தில் கட்டி 2021-இல் திறந்தார்கள் என்றாலும், பழைய கட்டடத்தை வைத்திருப்பவரின் அச்சம் நியாயமானது என்பது அன்றைக்கே எங்களுக்குப் புரிந்தது. என் வருத்தமெல்லாம், இத்தனை விதிகளையும் நாமாகக் கேட்டால்தான் சொல்கிறார்கள் என்பதும், அச்சடித்துக் கொடுத்த வழவழப்பான கையேட்டில் மணமக்கள் அதே தூண்களுக்கு நடுவே அக்கினி வலம் வருவதுபோல் படம் போட்டிருந்தார்கள் என்பதும்தான்.

நேரத்தைப் பற்றிய சிக்கல் ஒன்றும் இங்கே வெளிப்பட்டது. எந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தாலும் இது பொருந்தும் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி மட்டுமன்றி வாத்தியங்களும் இசைக்கக் கூடாது என்பது நாடு முழுவதற்குமான ஒலி மாசு விதி. ஊர் ஓரத்து மண்டபங்களில் விடியற்காலை நாலரை மணிக்குக் கெட்டிமேளம் கொட்டினால் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. வெள்ளை நகரத்தில் மதிலுக்கு அந்தப் பக்கம் இன்னொரு விடுதி, அதில் உறங்கிக்கொண்டிருப்பவர் ஓர் இரவுக்கு நிறையப் பணம் கொடுத்தவர். பிரம்ம முகூர்த்தத்தில்தான் தாலி கட்ட வேண்டும் என்றிருந்த சம்பந்தி வீட்டாருக்கு நான் இதை எடுத்துச் சொன்னபோது முதலில் முகம் சுளித்தார்கள். பிறகு அவர்கள் கும்பகோணத்து ஜோசியரே ஏழரையிலிருந்து ஒன்பதுக்குள் நல்ல முகூர்த்தம் ஒன்றைக் குறித்துக் கொடுத்தார். இடத்தைப் பார்ப்பதற்கு முன்பே நாளையும் நேரத்தையும் முடிவு செய்துவிடுகிறவர்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

மூன்றாவது, கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதிதாக எழும்பியிருக்கும் 'ஐரோப்பிய அரண்மனை' வகை மண்டபம். நுழைவாயிலில் சிறகு முளைத்த குழந்தைகள், நடுவில் நீரூற்று, இருபுறமும் தூண்கள். ஒரு தூணை விரலால் சுண்டினேன். தெர்மாக்கோல் பெட்டியைத் தட்டிய ஓசை வந்தது. மகள் சிரித்துக்கொண்டே காரில் போய் ஏறிவிட்டாள். ஆனாலும் நேர்மையாகச் சொல்ல வேண்டும் என்றால், நாங்கள் பார்த்த ஐந்து இடங்களில் வசதி என்று எடுத்துக்கொண்டால் முதலிடம் இதற்குத்தான்: இரண்டு பேருந்துகள் திரும்புகிற அளவுக்கு நிறுத்துமிடம், மின்தூக்கி, ஒரே நேரத்தில் 300 பேருக்கு இலை போடும் சாப்பாட்டுக் கூடம், ஜெனரேட்டர், மணமகன் வீட்டாருக்குத் தனித் தளம். ஐரோப்பிய அழகு என்பது புகைப்படத்தில் வந்தால் போதும் என்று நினைப்பவர்கள் இங்கேயே நின்றுவிடலாம். படத்தில் தெர்மாக்கோல் ஒலிப்பதில்லை.

புதுச்சேரியை விட்டால் இந்தக் கடற்கரையில் பழைய ஐரோப்பா இன்னும் உயிரோடு இருக்கும் ஊர் தரங்கம்பாடி. தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் 1620-இல் அனுமதி பெற்று டென்மார்க் நாட்டவரான டேனியர் கட்டிய டேன்ஸ்போர்க் கோட்டை, 1718-இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயம், ஊருக்குள் நுழையும் வெள்ளைக் கோட்டை வாசல், அதைத் தாண்டினால் கடல் வரை நேராக ஓடும் தெரு. 1845-இல் டேனியர் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போன பிறகு துறைமுகமும் வியாபாரமும் வேறு ஊர்களுக்குப் போய்விட, இந்தத் தெருக்களைக் கெடுப்பதற்கு ஆளில்லாமல் போயிற்று என்று தோன்றும். புதுச்சேரியில் கிடைக்காத அமைதி இங்கே இருக்கிறது. கோட்டையின் எதிரே நின்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது, என் கையிலிருந்த பட்டியல் தாளைக் காற்று பிடுங்கிக்கொண்டு போய் மணலில் போட்டது. என் கணவர் அதன் பின்னால் ஓடியதைப் பார்த்தபோதே, கடலைப் பார்த்த திறந்த வெளியில் ஓமமும் குத்துவிளக்கும் என்ன ஆகும் என்பது தெரிந்துவிட்டது. தங்கும் அறைகளும் குறைவு. கடலூரிலிருந்து சிதம்பரமும் சீர்காழியும் கடந்து வர வேண்டும். ஐம்பது பேர் மட்டும் வந்து இரண்டு நாள் தங்கும் சிறிய திருமணத்துக்கு இதைவிட நல்ல ஊரை நான் சொல்ல மாட்டேன். எங்கள் பட்டியலில் இருந்தவர்கள் 260 பேர்.

ஐந்தாவது இடத்தைப் பார்க்கப் போனதே தற்செயல்தான். வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பகுதியில், வைசியாள் வீதி போன்ற தெருக்களில் பழைய வீடுகளைச் செப்பனிட்டு விழாக்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள் என்று துணிக்கடையில் ஒருவர் சொன்னார். வைசியாள் வீதியின் முகப்புகளைப் பழையபடி மீட்டெடுத்த பணிக்கு 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது என்பது எனக்குத் தெரியும். அந்த வீடுகளில் கல்யாணம் செய்யலாம் என்பது தெரியாது. மகளுக்கு விருப்பமே இல்லை. "நான் கேட்டது பிரெஞ்சு வீடும்மா, பாட்டி வீடு இல்லை," என்றாள்.

போய்ப் பார்த்த வீடு இரண்டும்தான். கீழ்த்தளம் முழுக்கத் தமிழ் வீடு: தெருவைப் பார்த்த திண்ணை, அதன்மேல் ஓட்டுத் தாழ்வாரம், மரத் தூண்கள், வேலைப்பாடு நிறைந்த தேக்கு நிலை, உள்ளே போனால் வானம் பார்த்த முற்றம். மேல்தளமோ வளைவான சன்னல்களும், மரச் சட்டக் கதவுகளும், சுண்ணாம்புத் தூண்களும், கைப்பிடிச் சுவரில் சாடி வடிவ அலங்காரமுமாக அப்படியே பிரெஞ்சு. இந்தக் கலப்பு யாரோ அலங்காரக்காரர் புதிதாகச் செய்த வித்தை அல்ல. பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளரும் வணிக இடைத்தரகருமாக, இருந்து நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் வீடு, பெரிய மார்க்கெட்டுக்கு அருகில் இன்றும் இருப்பது, இதே இலக்கணத்தில் கட்டியதுதான்: கீழே மரத் தூண்கள், மேலே ஐரோப்பிய முறையில் சுதைத் தூண்கள். பிரெஞ்சுக் கம்பெனியோடு வியாபாரம் செய்த தமிழர்கள் வெள்ளைக்காரரின் அழகை விரும்பினார்கள். ஆனால் தங்கள் வீட்டுச் சடங்கும் சமையலும் நடக்க வேண்டிய கீழ்த்தளத்தை அதற்கு விட்டுக்கொடுக்கவில்லை. நான்கு ஞாயிற்றுக்கிழமைகளாக எங்கள் வீட்டில் மகளுக்கும் எனக்கும் நடந்துகொண்டிருந்த வழக்கை அவர்கள் இருநூறு ஆண்டுக்கு முன்பே தீர்த்து வைத்திருந்தார்கள் என்றுதான் எனக்குப் பட்டது.

முற்றத்தை என் கணவர் அடி வைத்து அளந்தார். ஏறத்தாழ முப்பதுக்கு இருபத்து நான்கு அடி. வானம் பார்த்தது என்பதால் ஓமப் புகைக்குத் தடை இல்லை. சுற்றிலும் தாழ்வாரத்தில் நூற்றிருபது நாற்காலி போடலாம். மற்றவர்கள் மாடியின் உட்புறத் தாழ்வாரத்திலிருந்து பார்க்கலாம், ஆனால் ஒரு நேரத்தில் நாற்பது பேருக்கு மேல் கூடாது என்று மேலாளர் நாங்கள் கேட்காமலே சொன்னார். கட்டடத்தின் வயதைக் கேட்டேன். "தெரியாதும்மா, பத்திரத்தில் உள்ளது வரைக்கும் நூற்று நாற்பது வருஷம்," என்றார். அந்த ஒரு பதிலுக்காகவே நான் பாதி சம்மதித்துவிட்டேன். பின்கட்டில் கிணற்றடியை ஒட்டிய திறந்தவெளியில் பந்தல் போட்டு ஒரு பந்திக்கு 88 இலை. அதை ஒட்டிய காலி மனையை இரண்டு நாளைக்குத் தனியாக வாடகைக்குப் பேசிக் கொடுத்தார்கள், அங்கே அடுப்பு. எங்கள் சமையல்காரர் மனையைச் சுற்றி வந்து, தண்ணீர்க் குழாயைத் திறந்து மூடி, தலையாட்டினார்.

இங்கேயும் விதிகள் இருந்தன. ஆனால் ஒவ்வொரு விதிக்கும் பக்கத்தில் ஒரு வழியும் இருந்தது. பந்தக்காலுக்குக் குழி தோண்ட முடியாது. அதற்கென்றே மண் நிரப்பிய செப்புத் தவலை ஒன்றை வைத்திருந்தார்கள், அதில் நட்டோம். வாழை மரத்தைத் தூணில் கட்ட முடியாது. திண்ணைக்கு முன்னால் மணல் நிரப்பிய தகரப் பீப்பாய்களில் நிறுத்தித் தென்னோலை கொண்டு மறைத்தோம். ஆணி அடிக்கக் கூடாது. தோரணத்துக்கு உத்தரத்தில் பழைய இரும்பு வளையங்கள் ஏற்கெனவே இருந்தன. அந்த வளையங்களில்தான் ஊஞ்சலும் தொங்கியது. இந்த வீட்டில் முன்பு எத்தனை கல்யாணங்கள் நடந்திருக்க வேண்டும் என்பதை நான் அந்த வளையங்களின் தேய்மானத்தில் பார்த்தேன்.

திருமண நாளில் இடம் எப்படி உழைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். நாதசுரக்காரர்கள் தாழ்வாரத்து மூலையில் உட்கார்ந்தார்கள். ஒலிபெருக்கி வைக்கவே இல்லை. சுண்ணாம்புச் சுவரும் ஓட்டுக் கூரையும் தவிலின் அடியை உள்வாங்கித் திருப்பித் தந்த விதத்தை, கான்கிரீட் மண்டபங்களிலேயே வாசித்துப் பழகிய அந்தத் தவில்காரர் வியந்து சொன்னார். என் மாமியார் காலையில் திண்ணையில் உட்கார்ந்தவர் மதியச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்தார். வந்தவர்கள் ஒவ்வொருவரும் அவரைக் கடந்துதான் உள்ளே போக வேண்டியிருந்ததால், வாசலில் வரவேற்க நாங்கள் நிறுத்தியிருந்த பெண்களுக்கு வேலை இல்லாமல் போயிற்று. முதல் நாள் மாலை வரவேற்பை மாடியின் முன்புறத் தாழ்வாரத்தில் வைத்தோம். மஞ்சள் விளக்கில் அந்த வளைவுகளுக்குக் கீழே மகளும் மருமகனும் நின்றபோது, இத்தாலி ஏரிக்கரைப் படத்தை அவள் மறந்தேவிட்டாள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அன்று இரவு கைபேசியின் முகப்புப் படம் மாறியிருந்தது.

குறைகளுக்கு வருகிறேன். சுண்ணாம்புச் சுவரில் சாய்ந்தால் பட்டுப்புடவையில் வெள்ளைப் பொடி ஒட்டும். காலை ஒன்பது மணிக்குள் எங்கள் உறவுப் பெண்களில் பாதிப் பேருக்கு முதுகில் ஒரு வெள்ளைத் தேமல் இருந்தது. பந்தி பரிமாறிக்கொண்டே ஒருவர் முதுகை ஒருவர் தட்டிவிட்டுக்கொண்டிருந்தார்கள். சுவரோரம் முழுவதும் துணித் திரை கட்டச் சொல்லியிருக்க வேண்டும். யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. கழிவறைகள் நான்குதான், 260 பேருக்கு அது போதாது. மாடிப்படி குறுகலும் செங்குத்துமாக இருப்பதால் முழங்கால் வலிக்காரர்கள் வரவேற்பைக் கீழே இருந்தே பார்த்தார்கள். அவர்களுக்காக மணமக்கள் இரண்டு முறை கீழே இறங்கி வர வேண்டியிருந்தது. சீரியல் விளக்குகளும் குளிர்சாதனமும் ஒன்றாக ஓடியபோது மின்சாரம் இரண்டு முறை நின்றது. ஜெனரேட்டரைக் கட்டாயம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பேருந்து தெருவுக்குள் வராது. கும்பகோணத்திலிருந்து வந்தவர்களைப் பெரிய சாலையில் இறக்கி, ஷேர் ஆட்டோக்களில் அழைத்து வந்தோம், அதற்கென்று தம்பி மகன்கள் இருவரை நிறுத்த வேண்டியிருந்தது. அந்த வேலைக்கு முதலில் ஒப்புக்கொண்ட மாப்பிள்ளையின் நண்பர்கள் நால்வர், பாண்டிச்சேரிக்கு வந்தவர்கள் வழக்கமாக எங்கே காணாமல் போவார்களோ அங்கே போய்விட்டார்கள். ஊரின் இந்தக் கவர்ச்சியையும் கணக்கில் சேர்த்துத்தான் பொறுப்புகளைப் பிரித்துக் கொடுக்க வேண்டும்.

சுற்றுலாப் பயணிகளும் ஒரு தொல்லைதான். வாரக்கடைசியில் இந்தத் தெருக்களில் சுவர்களுக்கு முன்னால் நின்று படம் எடுப்பவர்கள் அதிகம். எங்கள் வாசலில் வாழை மரமும் மாக்கோலமும் இருந்ததைக் கண்டு பத்துப் பதினைந்து பேர் திண்ணையில் ஏறி நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். என் மாமியார் அவர்களில் நான்கு பேரைச் சாப்பிடச் சொல்லி உள்ளே அனுப்பியும் விட்டார். கடைசிப் பந்தியில் பாயசம் குறைந்ததற்கு அவர்தான் காரணம் என்று சமையல்காரர் இன்றுவரை சொல்கிறார்.

செலவைப் பொறுத்தவரை, வீட்டு வாடகை கடலூரில் ஒரு நடுத்தர மண்டபத்துக்குக் கொடுப்பதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. அதன்மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி. ஆனால் வெள்ளை நகரத்து மாளிகையில் ஒரு தட்டுக்கு இவ்வளவு என்று விடுதிச் சமையலுக்குக் கேட்ட தொகையோடு ஒப்பிட்டால், சொந்தச் சமையல்காரரை வைத்துக்கொண்ட வகையில் மொத்தச் செலவு அங்கே ஆகக்கூடியதில் பாதியை எட்டவில்லை. அலங்காரத்துக்கும் அதிகம் செலவாகவில்லை. மல்லிகைச் சரமும் மாவிலையும் போதுமானதாக இருந்தன, மற்றதைக் கட்டடம் பார்த்துக்கொண்டது. ஐப்பசி கார்த்திகையில் திருமணம் வைப்பவர்களுக்கு மட்டும் இத்தகைய முற்றத்து வீட்டை நான் சொல்ல மாட்டேன். வடகிழக்குப் பருவமழையில் வானம் பார்த்த முற்றம் குளமாகிவிடும், தகரம் போட்டு மூடினால் புகையும் வெக்கையும் உள்ளேயே தங்கிவிடும். விருந்தினர் முந்நூறைத் தாண்டினாலும் வேண்டாம்.

திருமணம் முடிந்த மறுநாள், முன்வைப்புத் தொகையைத் திரும்பப் பெறப் போனோம். மேலாளர் கையில் ஒரு டார்ச் விளக்கோடு வீடு முழுவதும் சுற்றி வந்தார். ஊஞ்சலுக்கு அருகில் இருந்த மரத் தூணின் அடியில், குழந்தை ஒன்றின் உள்ளங்கை அளவுக்கு மஞ்சள் பதிந்திருந்தது. நலங்கின்போது எங்கள் பேத்தி முறை ஆகிற மூன்று வயதுக்காரி வைத்ததாக இருக்க வேண்டும். எண்ணெய்ப் பூச்சு மாற்ற ஐந்நூறு ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியைத் தந்தார், ரசீதும் எழுதினார். என் கணவர் வாதாடத் தயாரானார், நான் தடுத்துவிட்டேன்.